அளவைச் சொல்லாத கடை

காலர் பட்டன் துளைக்கு எட்டவில்லை. சின்னவள் இரண்டு கட்டைவிரல்களையும் பட்டிக்கு அடியில் கொடுத்து இழுத்துப் பார்த்தாள். இன்னும் முக்கால் அங்குலம் வேண்டியிருந்தது. செத்துப்போனவளுக்கு இனி மூச்சு முட்டப்போவதில்லை என்று தெரிந்தும் அதற்கு மேல் இழுக்கக் கை வரவில்லை.

"மேல் பட்டனை விட்டுடேன். ஒரு துண்டை மடிச்சுப் போட்டா தெரியவா போகுது?" என்றாள் பக்கத்து அயர்ன்கடைக்காரம்மா. தலைமாட்டில் நின்று அக்காவின் முடியை வாரிக்கொண்டிருந்தாள்.

"இல்ல, போடணும்."

"பிடிச்சா ஒரே பிடி. அக்காளுக்கும் தங்கச்சிக்கும் அதுல மட்டும் வித்தியாசமே கிடையாது."

அக்கா மேல் பட்டனைத் திறந்துவிட்டு யார் முன்னாலும் நின்றதில்லை. மகளுக்கு மூன்று வயதாகும்போது வந்த தைராய்டு வீக்கம். பதினெட்டு வருஷமாகக் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. அதை மறைக்கத் தனக்கென்று தானே வெட்டித் தைத்துக்கொண்டதுதான் இந்தக் கழுத்து மூடிய நீளச் சட்டை. மொத்தம் ஐந்து. ஐந்தும் ஒரே அச்சு, நிறம் மட்டும் வேறு. இன்று எடுத்தது பச்சை.

அவளைக் கிடத்தியிருந்தது வெட்டு மேசையின் மேல். வீடு மாடியில் இருக்கிறது. படிக்கட்டு திரும்புகிற இடத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. ஆஸ்பத்திரி ஆட்கள் இரண்டு தடவை முட்டி மோதிப் பார்த்துவிட்டு, கீழேயே வச்சுடலாம் சார் என்று சொல்லிவிட்டார்கள். கீழே தையல் கடை. அங்கே ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்கு இருந்தது இந்த மேசை ஒன்றுதான். சுற்றிலும் கூரையைத் தொடும்வரை பள்ளிச் சீருடைக் கட்டுகள், நீலமும் சாம்பலும். மூன்று பேர் உள்ளே நின்றால் நாலாவது ஆள் திரும்பக்கூட இடமில்லை.

காலையில் பள்ளிக்கூடத்துக் கிளார்க் போன் செய்தார். விஷயத்தைக் கேட்டதும் ஐயையோ என்றார், ரொம்ப நல்ல மனுஷி என்றார், பிறகு, "அப்ப மிச்ச முந்நூத்தி நாப்பது யூனிஃபார்மையும் செவ்வாய்க்கிழமைன்னு வச்சுக்கலாமா?" என்று கேட்டார். அக்காவின் புருஷன், சின்னவளுக்கு மாமா, சரி என்று சொல்லிவிட்டு வந்து அவள் முன்னால் நின்றார்.

"இனிமே நீதான் எல்லாத்தையும் பாத்துக்கணும். வேற யாரு இருக்கா?"

அதில் உள்நோக்கம் ஒன்றும் கிடையாது. சூதுவாது தெரியாத மனுஷன். சின்னவள் தலையை ஆட்டினாள். ஆட்டாமல் எங்கே போவது? கட்டியவன் விட்டுவிட்டுப் போனபின் ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவள்; பன்னிரண்டு வருஷமாக அவள் படுக்கை இதே மேசைக்கு அடியில்தான் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இப்போதும் இருந்தது. குனிந்தால் தெரியும் என்பதால் அவள் குனியவில்லை.

அக்கா மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். சுண்டெலி என்று அப்பா செல்லமாகக் கூப்பிட்டது சுருங்கி எல்லோருக்கும் சுண்டு ஆகிவிட்டவள். வயது இருபத்தொன்று, கொரியர் ஆபீஸில் வேலை. வந்ததும் வராததுமாகக் காற்றாடியின் வேகத்தைக் கூட்டி வைத்தாள். இந்தக் காற்றாடிக்காக அம்மாவுக்கும் மகளுக்கும் மூன்று மாதமாகச் சண்டை. அம்மாவுக்குக் குளிரும், மகளுக்கு வேர்க்கும்.

"அழுது அழுது முகம் வீங்கியிருந்தாலும் எவ்வளவு லட்சணமா இருக்கா பாரு," என்றாள் அயர்ன்கடைக்காரம்மா. "ஆறு மாசம் முன்னாடி பூசணிக்கா மாதிரி இருந்தா. என்னம்மா சாப்பிடறே? எங்க வீட்டுப் பொண்ணுக்கும் சொல்லிக்கொடு."

"எல்லாம்தான் சாப்பிடறேன், ஆன்ட்டி. நாலு ஆள் சாப்பாடு."

"அதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும்."

சின்னவள் அந்த அம்மாவிடம் போர்வையை நீட்டி, ஒரு தேய்ப்புத் தேய்த்து எடுத்து வரச் சொன்னாள். அந்த அம்மா போனதும் காலரின் பின்தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். உள்ளே ஒரு துண்டு துணி கொடுத்தால் போதும், பட்டன் எட்டிவிடும்.

"ஊசி கோத்துக் கொடு."

சுண்டு நூலை நாவில் நனைத்து, கண்ணைச் சுருக்கி, நாலு தடவை குத்தினாள். நூல் ஊசிக் காதின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போனது. அவள் விரல்கள் நடுங்கின. எரிச்சலோடு ஊசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காலரின் முன்முனையைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, இங்க ஏற்கெனவே பட்டன் இருந்திருக்கு."

சின்னவள் நிமிரவில்லை.

"இங்க ஒண்ணு. இதோ இங்க ஒண்ணு. இங்க லூப் வச்சு எடுத்திருக்கு. பின்னாடி நீங்க இப்ப பிரிக்கிறீங்களே, அதுவும் பழைய தையல் இல்ல. நூல் புதுசு." தையல்காரி பெற்ற பெண், கண் தப்புமா? "யாரு மாத்தினது?"

கடையில் அக்கா போட்ட சட்டம் ஒன்று உண்டு. அளவெடுக்கும்போது எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. போன வருஷம் முப்பத்தாறாக இருந்த இடுப்பு இந்த வருஷம் நாற்பதாகி வந்து நிற்கும். அதைச் சொன்னால் வாடிக்கைக்காரியின் முகம் விழுந்துவிடும். அடுத்த தடவை வேறு கடை பார்த்துக்கொண்டு போய்விடுவாள். நாடாவைக் கண்ணால் படித்து, பேசாமல் நோட்டில் எழுத வேண்டும். "எப்பவும் போலத்தாங்க இருக்கீங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. அக்காவிடம் தொழில் கற்ற சின்னவள் இந்தச் சட்டத்தைத் தொழிலைவிட நன்றாகக் கற்றுக்கொண்டாள்.

தைராய்டு வந்ததிலிருந்து அக்காவுக்கு உடம்பு ஏறிக்கொண்டேதான் இருந்தது. "காத்தைக் குடிச்சாலும் எனக்குச் சதை போடுதுடி" என்பாள் சிரித்துக்கொண்டே. அதையே வேறு யாராவது சொல்லிவிட்டால் இரண்டு நாள் பேச மாட்டாள். ஏழு வாரத்துக்கு முன்னால் மஞ்சள் சட்டையைத் தேய்க்கும்போது காலர் பட்டனின் நூல் இழுபட்டு நிற்பதைச் சின்னவள் பார்த்தாள். அன்று சாயங்காலம் அக்காவின் கழுத்தில் பட்டி பதிந்த சிவப்புக் கோடும் தெரிந்தது. சீருடை சீஸன், தலைக்கு மேல் வேலை, இந்த நேரத்தில் இவள் மனசு வேறு உடைய வேண்டுமா என்று நினைத்தாள். அக்கா குளிக்கப் போனபோது ஐந்து சட்டையிலும் பட்டனை அரை அங்குலம் தள்ளித் தைத்து, பழைய நூலைத் தடம் தெரியாமல் எடுத்துவிட்டாள். மறுநாள் அக்கா அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, "இன்னிக்குக் கொஞ்சம் தேவலைடி, கழுத்து லேசா இருக்கு," என்றாள். சின்னவளுக்கு அன்று முழுக்க மனசு குளிர்ந்திருந்தது.

இரண்டு வாரத்தில் மறுபடி அரை அங்குலம். பிறகு பட்டனை மாட்ட ஒரு நூல் லூப். பிறகு பின்காலரைப் பிரித்து ஒட்டு. ஐந்து சட்டை, நாலு தடவை. இருபது தடவை ஊசி எடுத்தவள், ஒரு தடவையாவது வாயைத் திறந்திருக்கலாம்.

அக்காவின் குரல் கம்மிப்போய், தண்ணீர் விழுங்கினால் தொண்டையில் நிற்கிறது என்று அவள் சொன்ன பிறகுதான் அக்கா, மாமா, சின்னவள் மூன்று பேரும் தெருமுனை கிளினிக்குக்குக் கிளம்பினார்கள். டாக்டர் இரண்டு விரலால் வீக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது எப்பருந்து இருக்கு?" என்று கேட்டார். மாமா முந்திக்கொண்டு, "அது பதினெட்டு வருஷமா இருக்குங்க டாக்டர், மாத்திரை விடாம சாப்பிடறா," என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. சின்னவளின் நாக்கு நுனியில் நாலு எண்கள் நின்றன. பதினைந்து, பதினைந்தரை, பதினாறு, பதினேழு. அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சொன்னால், தன் ஐந்து சட்டையும் தனக்குத் தெரியாமல் மாறிய கதை அவளுக்கு அங்கேயே தெரிந்துவிடும். சின்னவள் நாலு எண்களையும் விழுங்கினாள். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதி, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் அக்கா மூச்சுக்குத் திணறினாள். பெரிய ஆஸ்பத்திரியின் நடையில் வைத்து ஒரு டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். "உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே தைராய்டு சுரப்பியை எதிரின்னு நினைச்சு அடிக்குது. அதுதான் இவங்களுக்கு இருந்த பழைய வியாதி. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு அதோட ஆயுசு முழுக்க இருக்கலாம். ஆனா ரொம்ப ரொம்பக் கொஞ்சம் பேருக்கு, அடிக்க வந்து தங்கின அணுக்களே புத்துநோயா மாறிடும். கிடுகிடுன்னு வளரும். அப்படி வளர்றதுதான் அடையாளம். சீக்கிரம் வந்தா மருந்துக்கே கரையற வகைதான் இது." அதோடு நிறுத்தாமல், வீட்டில் மற்றவர்களும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்றாள். "வேர் ஒண்ணுதான், எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது. இவங்களுக்குச் சுரப்பி மந்தமாச்சு. இன்னொருத்தருக்கு அதுவே அளவுக்கு மேல வேலை செய்யும். எவ்வளவு சாப்பிட்டாலும் இளைக்கும், வேர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும்." மாமா உள்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தையும் அவர் காதில் ஏறவில்லை. சின்னவளின் காதில் ஒவ்வொரு வார்த்தையும் ஏறியது. மருந்து ஏற்றத் தொடங்கிய மூன்றாம் நாள், அதாவது நேற்று, அக்கா போய்விட்டாள்.

நேற்றிலிருந்து சின்னவள் சுண்டுவைப் பார்ப்பதும் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். இவள் பாவாடை இடுப்பை மூன்று மாதத்தில் இரண்டு தடவை பிடித்துத் தைத்தவள் அவள்தான். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி தானாக வரும்: மகளின் இடுப்பைப் பிடித்துத் தைத்தவளுக்கு, அம்மாவின் காலர் இறுகியது மட்டும் தெரியாதா? மாமா வெளியே போ என்று சொல்லிவிட்டால் சுருட்டிய படுக்கையோடு எந்தத் தெருவில் போய் நிற்பது? இப்படி ஒரு நினைப்பு இந்த நேரத்தில் வருகிறதே என்று தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"சித்தி, கேக்கறேன்ல. யாரு மாத்தினது?"

"நான்தான்."

"எப்ப?"

"ஏழு வாரமா. நாலு தடவை."

சுண்டு காலரைக் கீழே விட்டாள். "அம்மா சொல்லியா?"

"அவளுக்குத் தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் செஞ்சேன்."

காற்றாடி அடித்த காற்றில் மேல் கட்டிலிருந்த சீருடை ஒன்று சரிந்து அக்காவின் காலின் மேல் விழுந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை.

"அம்மா என்கிட்ட சொன்னாங்க," என்றாள் சுண்டு. "ஒரு மாசம் முன்னாடி. கழுத்து பெருசாகுற மாதிரி இருக்குடி, ஒரு எட்டு டாக்டர்கிட்ட போலாமான்னு. நான் சரி போலாம்மான்னேன். மறுநாள் அவங்களே வேண்டாம்னுட்டாங்க. சட்டை எப்பவும் போலத்தான் இருக்கு, பட்டன் சரியா விழுது, எனக்குத்தான் பிரமைன்னு."

சின்னவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஒரு பக்கம் மேசை, ஒரு பக்கம் கட்டுகள், வாசலுக்குப் போகிற வழியில் சுண்டு.

"எவ்வளவு?" என்றாள் சுண்டு.

"என்னது?"

"அளவு. சொல்லுங்க."

"பதினாலரையில இருந்து பதினேழு." அவளுக்கே தன் குரல் யாரோ பேசுவது போலக் கேட்டது. "இப்ப பதினேழே முக்கால்."

"இதை அன்னிக்கு கிளினிக்ல சொல்லியிருந்தா?"

சின்னவளிடம் இன்னோர் எண் பாக்கி இருந்தது. இப்போது விட்டால் இனி எப்போதுமே வாய் வராது என்று அவளுக்குத் தெரிந்தது.

"உன் இடுப்பு முப்பதா இருந்துச்சு. போன வாரம் இருபத்தாறரை. மூணு மாசத்துல."

"இப்ப எதுக்கு அது?"

"இளைச்சு அழகாயிட்டேன்னு எல்லாரும் சொல்றாங்கல்ல, அது இல்லடி. அந்த டாக்டரம்மா சொன்னா. உங்கம்மாவுக்கு இருந்த அதே வேர். உனக்கு வேற மாதிரி வந்திருக்கலாம். வேர்க்குது, கை நடுங்குது. ஊசியில நூல் போகல பாரு. நீ கேட்டப்பெல்லாம் 'நீ எப்பவும் போலத்தான் இருக்கே'ன்னு சொன்னேன். அது பொய்."

சுண்டு தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். பிறகு அவற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"படுத்தா நெஞ்சு அடிக்கறது காதுல கேக்குது சித்தி," என்றாள். "ஆபீஸ்ல ஒரு மாடி ஏறினா மூச்சு வாங்குது. அம்மாகிட்ட சொல்லலாம்னு இருந்தேன். ஆர்டர் முடியட்டும்னு விட்டுட்டேன்."

வாசலில் மாமாவின் நிழல் விழுந்தது. "முடிஞ்சுதா? வண்டி வந்தாச்சு."

"அப்பாகிட்டயும் சொல்லுங்க," என்றாள் சுண்டு.

"சுண்டு, இப்ப வேண்டாம்டி, ஆளுங்க நிக்கறாங்க..."

"சொல்லுங்க. நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிடும்."

சின்னவள் சொன்னாள். காலர், பட்டன், லூப், ஒட்டு, ஏழு வாரம், இரண்டரை அங்குலம், மூன்றரை அங்குலம், எல்லாவற்றையும் சொன்னாள். மாமா கத்துவார், கை ஓங்கினாலும் ஓங்குவார் என்று காத்திருந்தாள். அப்படி நடந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மனைவியின் கழுத்தைப் பார்த்தார். பதினெட்டு வருஷம் பார்த்த கழுத்து.

"அன்னிக்கு நான் பதினெட்டு வருஷம்னு சொன்னப்ப," என்றார், "நீ பக்கத்துலதானே நின்னே."

"ஆமா மாமா."

மாமா அக்காவின் காலின் மேல் கிடந்த சீருடையை எடுத்து உதறி, நாலாக மடித்து, கட்டின் மேல் வைத்தார். சின்னவள் ஊசியைக் கோத்து, ஒட்டுத் துணியைக் கொடுத்து, காலரைத் தைத்து முடித்தாள். பட்டன் விழுந்தது. அயர்ன்கடைக்காரம்மா போர்வையோடு வந்து, மூன்று பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு, அதை விரித்தாள்.

வண்டியின் பின்பக்கம் எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள், நடுவில் அக்கா. சின்னவள் ஏறலாமா கூடாதா என்று தெரியாமல் கீழேயே நின்றாள். மாமா அவளைப் பார்க்கவில்லை. சுண்டு மட்டும் தன் பக்கத்து இடத்தைக் கையால் தட்டினாள். அதில் பாசமும் இல்லை, கோபமும் இல்லை. ஓர் இடம் காலியாக இருக்கிறது, அவ்வளவுதான். அவள் ஏறியதும் வெளியிலிருந்து யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். ஜன்னல் கண்ணாடிகள் திறக்கிற வகை இல்லை.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்ப்பா," என்றாள் சுண்டு. "சித்தியும் வரட்டும். கேட்டா சொல்றதுக்கு ஆள் வேணும்."

மாமா தலையசைத்தார். வண்டி இரண்டு தெரு தாண்டி ஒரு சிக்னலில் நின்றது. சுண்டு தன் இடது கையைத் திருப்பிச் சின்னவளின் மடியில் வைத்தாள், மணிக்கட்டு மேலே தெரியும்படி.

"எண்ணுங்க."

"இங்கயா?"

"இங்கதான். வாய்விட்டு எண்ணுங்க. அப்பா, வாட்ச்சைப் பாருங்க. ஒரு நிமிஷம்."

சின்னவள் மூன்று விரலை வைத்தாள். விரலுக்குக் கீழே நாடி தத்தித் தத்தி ஓடியது. அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"கேக்கல," என்றாள் சுண்டு.

மாமா கையைத் தூக்கிக் கடிகாரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார். "இப்பருந்து," என்றார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு." அக்காவுக்குக் குறுக்கே, எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணினாள். முப்பதுக்கு மேல் நாக்கு பின்தங்கத் தொடங்கியது; ஓடிப் பிடித்தாள். அறுபதில் வண்டிக்காரர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்னால் பார்த்தார். சிக்னல் மாறி வண்டி நகர்ந்தது. எண்பது. தொண்ணூறு. சுண்டு கையை அசைக்காமல் வைத்திருந்தாள்.

"தொண்ணூத்தெட்டு. தொண்ணூத்தொம்பது. நூறு."

மாமா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நிமிஷம் ஆச்சு என்று கையைக் காட்டவும் இல்லை.

"நூத்தியொண்ணு," என்றாள் சின்னவள்.